கையில் மண் ஒட்டாத பானை

செல்போன் திரைவழியே பார்த்தால் சாப்பாட்டு மேசைமேல் பானை வனையும் திருகை ஒன்று சுழல்கிறது. நடுவில் களிமண் உருண்டை. விரலை நீட்டி அழுத்தினால் குழி விழுகிறது. பக்கத்தை வருடினால் சுவர் எழும்புகிறது. போனை இறக்கினால் அங்கே காப்பி டம்ளர் மட்டும்தான். கண்ணெதிரே உள்ள காட்சியின்மேல் கணினி வரையும் உருவத்தைப் பொருத்தும் இந்த வித்தைக்கு ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்று பெயர். தமிழில் மிகைமெய்.

கேமரா முதலில் மேசையின் சமதளத்தைக் கண்டுபிடிக்கிறது. மேசையிலுள்ள கீறல், கறை, விளிம்பு எல்லாம் அதற்கு அடையாளக்கற்கள். அதனால்தான் நீங்கள் சுற்றி நடந்தாலும் திருகை இடம் மாறுவதில்லை. கையைத் தொடர்வது வேறு நிரல். கூகுளின் மீடியாபைப் ஒரு கைக்கு 21 புள்ளிகளைக் குறித்துக்கொள்கிறது. பானையோ கணினிக்கு அல்வா. பாதிப் பானையின் ஓரக்கோட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் முழுப் பானை. விரல் பட்ட உயரத்தில் கோட்டை உள்ளே தள்ளினால் கழுத்து.

ஆனால் நம்மூர் வேளார், அதாவது குயவர், பானையைத் திருகையில் முடிப்பதில்லை. வாயும் தோளும் உருவானதும் அறுத்து எடுத்துவிடுவார். அப்போது அதற்கு அடியே இருக்காது. சற்று உலர்ந்தபின் உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி வயிற்றை விரித்து அடியை மூடுவார். மானாமதுரையில் செய்யும் இசைக்கருவியான கடத்துக்கு இந்தத் தட்டு ஆயிரக்கணக்கில் விழும். சுவரின் கனம் சரியா என்று சொல்வது சத்தமும் உள்ளங்கையும்தான். போன் அதிரும், ஈரமண்ணின் வழுக்கல் அதில் வராது.

என்னைக் கேட்டால், மிகைமெய்யைக் கொண்டுபோக வேண்டிய இடம் சூளை. அதற்குள் யாரும் எட்டிப்பார்க்க முடியாது. 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஈரம் ஆவியாகும். தீயை அவசரமாக ஏற்றினால் பானை வெடிக்கும். 500, 600 டிகிரியில் களிமண்ணோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடும். பிறகு எத்தனை நாள் ஊறினாலும் பானை சேறாகாது. கீழடி அகழாய்வில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளின் கதையும் சூளைக்குள் நடந்ததுதான்: காற்றுப் பட்ட பக்கம் மண்ணிலுள்ள இரும்பு சிவந்தது, காற்றுப் புகாத உட்புறம் கறுத்தது. சூளையைப் பிளந்து திரையில் காட்டினால் பள்ளிப் பிள்ளைக்கு உடனே விளங்கும்.

மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போனில் வனைந்து பழகிய பிள்ளையை ஒருமுறை அந்த ஊருக்குக் கூட்டிப்போங்கள். மாற்றுத்துணி ஒன்று எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.