சுதந்திரத்துக்கு முன்பே ஐ.நா.வில் இந்தியா எப்படி? சாசனத்தில் கையெழுத்திட்ட கொங்குக்காரர் யார்?

கோவை - பொள்ளாச்சி சாலையில், கிணத்துக்கடவு பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே குரூப் 4 தேர்வுக்குப் புத்தகம் புரட்டும் இளைஞர்களைப் பார்க்கலாம். அவர்கள் கட்டாயம் மனப்பாடம் செய்யும் தேதிகள் இரண்டு. ஐக்கிய நாடுகள் சபை நடைமுறைக்கு வந்தது 1945 அக்டோபர் 24. இந்தியா சுதந்திரம் அடைந்தது 1947 ஆகஸ்ட் 15. கூடவே இன்னொரு வரியும் வரும்: ஐ.நா.வைத் தொடங்கிய 51 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

கணக்கு இடிக்குதே? நாடே பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது உலக அமைப்பில் உறுப்பினர் ஆனது எப்படிங்க? கையெழுத்துப் போட்டது யார்?

முதலில் வந்தது சர்வதேச சங்கம்

இந்தக் கதை முதல் உலகப் போரில் தொடங்குகிறது. அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனார்கள். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. போர் முடிந்ததும், 'இனி இப்படி ஒன்று நடக்கக் கூடாது' என்று சர்வதேச சங்கம் உருவாக்கப்பட்டது. அதன் விதிகள் 1919 ஜூன் 28-ல் கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி.

படை அனுப்பிய நாடு என்பதால் இந்தியாவுக்கும் நாற்காலி கிடைத்தது. ஆனால் இந்தியாவுக்காக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள், பிரிட்டிஷ் அமைச்சர் எட்வின் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜா கங்கா சிங்கும். தன்னாட்சி இல்லாமலேயே சங்கத்தின் தொடக்க உறுப்பினரான நாடு இந்தியா. பிரிட்டனுக்கு இதில் கூடுதலாக ஒரு ஓட்டு கிடைத்தது என்று அப்போதே விமர்சனம் எழுந்தது.

ஜெனிவாவில் கோவைக்காரர்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் சர் சண்முகம் சாலை வழியாகப் போகாதவர்கள் குறைவு. அந்தப் பெயருக்குரிய ஆர்.கே.சண்முகம் செட்டியார், 1892-ல் கோவையில் பிறந்தவர். 1938-ல் ஜெனிவாவில் சர்வதேச சங்கத்துக்குச் சென்ற இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவர். அதே ஆண்டுதான் மியூனிக்கில் செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். சங்கத்தால் எதையும் தடுக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர்.

1944 ஜூலையில், அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடி, உலக வங்கியையும் சர்வதேச நிதியத்தையும் உருவாக்கப் பேசின. இந்தியக் குழுவில் சண்முகம் செட்டியாரும் இருந்தார். போர்ச் செலவுக்காகப் பிரிட்டன் இந்தியாவிடம் பட்டிருந்த பெரும் கடனுக்குப் புதிய நிதியத்தின் மூலம் வழி காண வேண்டும் என்று அங்கே அவர் வாதிட்டார். கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஆனாலும், ஆளும் நாட்டின் கடனை உலக மேடையில் வைத்துக் கேட்டது சாதாரண விஷயம் இல்லை. மூன்றே ஆண்டுகளில் அவர் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனார்.

சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு கையெழுத்து

ஐ.நா. சாசனத்தை எழுதும் மாநாடு 1945 ஏப்ரல் 25-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அச்சு நாடுகளுக்கு எதிராகப் போரில் இறங்கியவர்களுக்குத்தான் அழைப்பு. சுமார் 25 லட்சம் பேர் கொண்ட படையைத் தந்த இந்தியா, 1942-ம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பிரகடனத்திலும் கையெழுத்திட்டிருந்தது.

1945 ஜூன் 26 அன்று, சாசனத்தில் இந்தியாவுக்காக இருவர் கையெழுத்திட்டனர். ஒருவர், குழுத் தலைவர் ஆற்காடு ராமசாமி முதலியார். இவர்தான் பின்னர் ஐ.நா. பொருளாதார, சமூக கவுன்சிலின் முதல் தலைவர் ஆனவர். இன்னொருவர், சமஸ்தானங்களின் சார்பில் சென்ற வி.டி.கிருஷ்ணமாச்சாரி. பரோடாவில் நீண்ட காலம் திவானாக இருந்தவர். இவருடைய இனிஷியலில் உள்ள 'வி', கரூர் பக்கம் காவிரிக் கரையில் உள்ள வாங்கல். மோகனூரிலிருந்து பாலம் ஏறி இறங்கினால் வருகிற அதே வாங்கல்தான்!

'இவர்கள் எங்கள் பிரதிநிதிகள் இல்லை'

ஊர்ப் பெருமை ஒருபக்கம் இருக்கட்டும். இந்தக் குழுவை அனுப்பியது பிரிட்டிஷ் அரசு, மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மாநாடு நடந்தபோது சான் பிரான்சிஸ்கோவுக்கே போன விஜயலட்சுமி பண்டிட், அதிகாரபூர்வக் குழுவுக்கு இந்திய மக்களின் ஒப்புதல் கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அது நியாயமான கேள்வி.

அப்படியானால் அந்தக் கையெழுத்தால் என்ன பயன்?

பதில் அடுத்த ஆண்டே கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரும்புத் தோட்ட வேலைக்காக 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்டவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். அவர்களின் வாரிசுகள் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் கட்டுப்பாடு விதித்து 1946-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. இந்தியா அதை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. குழுவுக்குத் தலைமை தாங்கியவர், முந்தைய ஆண்டு வெளியே நின்று கேள்வி கேட்ட அதே விஜயலட்சுமி பண்டிட்.

எதிரே இருந்தவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். மனித உரிமைகளைப் பற்றிப் பேசும் ஐ.நா. சாசனத்தின் முகவுரையை முதலில் எழுதியவரே அவர்தான்! 'இது எங்கள் உள்நாட்டு விவகாரம்' என்றார். 1946 டிசம்பர் 8-ல் ஓட்டெடுப்பு: ஆதரவு 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7. மூன்றில் இரண்டு பங்கு தேவை என்ற நிலையில், ஆதரித்தவர்களில் ஒரே ஒரு நாடு எதிர்ப்பக்கம் தாவியிருந்தாலும் தீர்மானம் தோற்றிருக்கும்.

தென்னாப்பிரிக்கா கேட்கவில்லை என்பதும் உண்மை. 1948-ல் நிறவெறி ஆட்சியே வந்துவிட்டது. ஆனால் ஒரு நாடு தன் மண்ணில் வாழும் மக்களை நடத்தும் விதம் உலகத்தின் விஷயமும்தான் என்ற வழக்கு அங்கிருந்துதான் வலுப்பெற்றது. இந்தியா அப்போது உறுப்பினராக இல்லாவிட்டால், புகார் கொடுக்கவே இன்னொரு நாட்டின் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

1947-ல் பிரிவினை நடந்தபோது இந்தியாவின் இடம் அப்படியே தொடர்ந்தது. பாகிஸ்தான் புதிதாக விண்ணப்பித்து, செப்டம்பர் 30-ல் உறுப்பினரானது.

இன்று?

ஐ.நா.வில் இப்போது 193 நாடுகள். ஆனால் வீட்டோ அதிகாரம் 1945-ல் எழுதியபடி ஐந்து நாடுகளிடம்தான் இருக்கிறது. அந்த ஐந்தில் ஒன்று மறுத்தால், பாதுகாப்பு கவுன்சிலில் போர்நிறுத்தத் தீர்மானம்கூட நிறைவேறாது. நிரந்தர இடம் கேட்கும் இந்தியா இன்னும் காத்திருக்கிறது.

தேர்வில் 'தொடக்க உறுப்பினர்' என்று டிக் அடித்தால் ஒரு மதிப்பெண். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால், யாருடைய போர் என்று தெரியாமலே போய்த் திரும்பாதவர்களும், நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களும் இருக்கிறார்கள்.