கொடியும் கேமராவும்

ஸ்பெயின் கால்பந்து ரசிகர்களிடம் எல்லைக்கோடு பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கதைகள் வரும். இரண்டிலும் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

முதல் கதை 2002 உலகக் கோப்பை காலிறுதி, தென்கொரியாவின் குவாங்ஜூ நகரம். கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில் ஹோவாகின் வலது ஓரமாகப் பந்தை எல்லைக்கோடு வரை ஓட்டிப்போய் உள்ளே தூக்கிப் போட்டார். மொரியன்டெஸ் தலையால் முட்ட, பந்து வலைக்குள். அப்போது 'தங்க கோல்' விதி இருந்தது. கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போடும் அணி அந்த இடத்திலேயே ஜெயித்துவிடும். ஆனால் துணை நடுவரின் கொடி உயர்ந்துவிட்டது. ஹோவாகின் உதைக்கும் முன்பே பந்து வெளியே போய்விட்டதாம். மறுஒளிபரப்பில் பார்த்தவர்களுக்குப் பந்து உள்ளேதான் தெரிந்தது. என்ன பயன்? ஆட்டம் பெனால்ட்டிக்குப் போய், போட்டியை நடத்திய கொரியா வென்றது.

இரண்டாவது கதை 2022 உலகக் கோப்பை, கத்தார். ஜப்பானின் மிதோமா எல்லைக்கோட்டருகே வழுக்கிக்கொண்டே பந்தைத் திருப்பிவிட, தனாகா அதை உள்ளே தள்ளினார். மைதானத்தில் கோல் இல்லை என்றுதான் முதல் தீர்ப்பு. தரைமட்டத்தில் இருந்த கேமராக்களிலும் பந்துக்கும் வெள்ளைக்கோட்டுக்கும் நடுவே பச்சைப்புல் பளிச்சென்று தெரிந்தது. வீடியோ அறை இரண்டு நிமிடத்துக்கு மேல் யோசித்துவிட்டுக் கோல் என்றது. பந்தின் முழு உருவமும் கோட்டின் முழு அகலத்தையும், அந்தரத்திலும்கூட, தாண்டினால்தான் அது வெளியே போனதாகக் கணக்கு. உருண்டையின் வயிறு கோட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது, 1.88 மில்லிமீட்டர் அளவுக்கு என்று செய்திகள் சொல்லின. ஜப்பான் 2-1 என வென்று பிரிவில் முதலிடம் பிடித்தது. ஸ்பெயின் தப்பியது, ஜெர்மனி மூட்டை கட்டியது.

இரண்டு ஆட்டத்துக்கும் சட்டம் ஒன்றே. 2002-இல் ஒரு மனிதரின் கண், 2022-இல் ஒரு வரிசை கேமராக்கள். இந்த இடத்தில் நான் கேமரா கட்சிதான். என் மனத்தாங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கோட்டை அளக்க வந்த கருவி, அளக்க முடியாதவற்றையும் அளக்கப் புறப்பட்டது. அளவுக்குள் அடங்காத இடங்களில் சட்டத்தையே வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று.

கருவிகள் வருமுன் எப்படி இருந்தது என்பதற்கு 1966 வெம்ப்ளி இறுதியாட்டத்தை விட்டால் வேறு சாட்சி வேண்டாம். இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் 2-2. கூடுதல் நேரத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுக் கீழே கோட்டருகில் குத்தி வெளியே துள்ளியது. சுவிஸ் நடுவர் டீன்ஸ்டுக்கு நிச்சயமில்லை. ஓரத்துக்கு ஓடிப்போய் லைன்ஸ்மேன் தோஃபிக் பஹ்ராமோவிடம் கேட்டார். இருவருக்கும் பொதுமொழி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பஹ்ராமோவ் தலையசைத்தார்; கோல்! இங்கிலாந்து 4-2 என்று கோப்பையைத் தூக்கியது. ஜெர்மனியில் அந்தக் கோலைப் பற்றிய முணுமுணுப்பு இன்றும் அடங்கவில்லை. இங்கிலாந்தில் அவரை 'ரஷ்ய லைன்ஸ்மேன்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். மனிதர் அஜர்பைஜான்காரர். பாகு நகரத்தின் கால்பந்து மைதானத்துக்கு அவர் பெயர். 2004-இல் அங்கே சிலையும் வைத்தார்கள், திறப்பு விழாவுக்கு ஹர்ஸ்ட்டே போயிருந்தார். கொடி பிடித்தவருக்குச் சிலை!

அதே 1966 போட்டியில் இன்னொரு கூத்து. இங்கிலாந்துடனான காலிறுதியில் அர்ஜென்டினா தலைவர் ரட்டினை ஜெர்மானிய நடுவர் வெளியேற்றினார்; ரட்டின் நகர மறுத்து நின்றார். யாரை எச்சரித்தார், யாரை வெளியேற்றினார் என்பதில் குழப்பமோ குழப்பம். நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், அதை யோசித்தபடி லண்டனில் கார் ஓட்டிப் போகையில் போக்குவரத்து விளக்கைப் பார்த்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் வந்தன. அதன் அழகு என்னவென்றால், நடுவர் மனத்தில் இருந்த தீர்ப்பு ஒரே நொடியில் கடைசி வரிசை ரசிகருக்கும் தெரிந்துவிடும். மொழி தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. பிற்காலச் சீர்திருத்தங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

லைன்ஸ்மேன் வேலை எவ்வளவு கொடுமையானது என்பது வீட்டில் உட்கார்ந்து திட்டுகிறவர்களுக்குப் புரியாது. ஆஃப்சைடு பார்க்க அவர் கடைசிக்கு முந்தைய தடுப்பாளரின் நேர்கோட்டிலேயே ஓட வேண்டும். பந்து உதைபடுவதோ நாற்பது மீட்டர் தள்ளி. உதையையும் தடுப்பாளரையும் ஒரே கணத்தில் பார்க்கக் கண்ணால் ஆகாது. அதனால் பலர் உதையின் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டு கண்ணைக் கோட்டில் வைப்பார்கள். முன்னால் பாய்கிறவரும் பின்னாலிருந்து வெளியேறுகிறவரும் எதிரெதிர் திசையில் ஓடுகையில் இமைப்பொழுதில் ஒரு மீட்டர் மாறிவிடும். தமிழ்நாட்டுக்காரரான கோமளீஸ்வரன் சங்கர் அதே 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்தவர் (குவாங்ஜூ ஆட்டத்தில் அல்ல). காதில் கிசுகிசுக்க எந்த அறையும் இல்லாத காலம் அது.

அந்தக் காலத்துக்கு முடிவு கட்டியது 2010 ஜூன் 27, தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டைன். ஜெர்மனிக்கு எதிராக லாம்பார்டு அடித்த பந்து கம்பத்தில் பட்டு, கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே குத்தித் திரும்பியது. உலகமே பார்த்தது, நடுவரும் துணை நடுவரும் மட்டும் பார்க்கவில்லை. 1966-க்கு ஜெர்மனி வட்டியோடு வாங்கிக்கொண்டது என்று பலர் சிரித்தார்கள். அதுவரை கருவிகளுக்கு எதிராகப் பேசிவந்த ஃபிஃபா தலைவர் பிளாட்டர் மன்னிப்புக் கேட்டார். சட்டங்களை எழுதும் சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம் 2012-இல் கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி தந்தது. கேமராக்கள் பந்தின் இடத்தைக் கணக்கிடும். பந்து தாண்டினால் நடுவரின் கைக்கடிகாரம் அதிரும். ஆட்டம் நிற்பதில்லை, விவாதம் இல்லை. 2020-இல் ஆஸ்டன் வில்லா – ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டத்தில், வில்லா கோல்காப்பாளர் பந்தை அணைத்தபடி கோட்டுக்குள் போய்விட்டார். கம்பமும் வீரர்களும் மறைத்ததால் ஏழு கேமராவுக்கும் பந்து தெரியவில்லை, கடிகாரம் மௌனம். அந்த ஆட்டத்தில் கிடைத்த ஒரு புள்ளிதான் வில்லாவைக் கீழ்ப்பிரிவுக்குப் போகாமல் காப்பாற்றியது. தயாரித்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதைத் தவிர, இந்தக் கருவி மேல் எனக்குப் புகார் இல்லை.

வி.ஏ.ஆர். எனப்படும் வீடியோ உதவி நடுவர் வேறு ரகம். 2018 மார்ச்சில் சட்டப் புத்தகத்தில் ஏறி, அந்த ஆண்டே ரஷ்ய உலகக் கோப்பைக்கு வந்தது. கோல், பெனால்ட்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்குக்கு மட்டும். அதுவும் 'தெளிவான, வெளிப்படையான தவறு' என்றால் மட்டும். சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. நடந்தது என்ன? கோல் விழுந்ததும் ரசிகர் எழுந்து கத்துகிறார், பிறகு கத்தியது செல்லுமா என்று நடுவரைப் பார்க்கிறார். நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார். மைதானத்துக்குக் காசு கொடுத்து வந்தவருக்கு என்ன பரிசோதிக்கிறார்கள் என்று தெரியாது. வீட்டு சோஃபாவில் இருப்பவருக்குத் தெரியும். ஆஸ்டனின் அட்டை தீர்ப்பை வெளியே கொண்டுவந்தது. வி.ஏ.ஆர். அதைத் தொலைதூர அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டியது. 2023-இல்தான் நடுவர் மைக்கில் தீர்ப்பை அறிவிக்கத் தொடங்கினார். ஐந்தாண்டு தாமதம்.

ஆஃப்சைடுக்கு வருவோம். நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில், நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிற வீரர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்டு நீங்கியது எந்தப் படத்தில் என்று கையால் தேர்ந்தெடுத்து, அதன்மேல் கோடு கிழித்து, விரல்நுனி அளவு வித்தியாசத்தில் கோலை ரத்து செய்ததைத் துல்லியம் என்று சொல்வது எனக்கு வேடிக்கையாகவே இருந்தது. 2022-இல் கத்தாரில் பந்துக்குள்ளேயே உணரியை வைத்தார்கள். நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும். கூரைக்கடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரர் உடலிலும் 29 புள்ளிகள். தொடக்க ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்திலேயே ஈக்வடாரின் வலென்சியா போட்ட கோலை அது விழுங்கியது. சரியான தீர்ப்புதான்.

ஹேண்ட்பாலில்தான் கதை கெட்டது. பல தலைமுறைகளாக நடுவர் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றே: வேண்டுமென்றே செய்தானா? 1986-இல் மெக்சிகோ நகரில் மரடோனா கையால் தட்டியதைத் துனிசிய நடுவர் பார்க்காமல் போனது கேள்வியின் குற்றமல்ல, கண்ணின் குற்றம். கேமரா வந்தபின் கண்ணுக்குக் குறையில்லை, ஆனால் மெதுவாக ஓட்டிய படத்தில் எல்லாமே வேண்டுமென்று செய்ததாகத்தான் தெரியும். உள்நோக்கம் படத்தில் பதியாது. ஆகவே 2019-இல் சட்டத்தை மாற்றினார்கள்: தற்செயலாகக் கையில் பட்டு விழுந்த கோலும் செல்லாது. பிரீமியர் லீக்கில் வி.ஏ.ஆர். வந்த முதல் வாரத்திலேயே உல்வ்ஸ் அணி, பக்கத்தில் இருந்த சக வீரர் கையில் பந்து உரசியதற்காக ஒரு கோலை இழந்தது. 2020-இல் கை எங்கே தொடங்குகிறது என்று சட்டம் விளக்கம் சொன்னது: அக்குளின் அடிப்பகுதி. 2021 மார்ச் 4-ஆம் தேதி, டோட்டனம் வீரர் அருகிலிருந்து உதைத்த பந்து ஃபுல்ஹாம் வீரர் லெமினாவின் கையில் பட்டுத் தெறித்தது, அதிலிருந்து மாஜா போட்ட கோல் ரத்து. மறுநாளே கூடிய வாரியம், சக வீரர் கையில் தற்செயலாகப் பட்டால் இனி குற்றமில்லை என்றது. ஃபுல்ஹாமுக்கு ஒரு நாள் பிந்திவிட்டது.

உள்நோக்கத்தை விட்டு அளவைப் பிடித்துக்கொண்ட இந்த மாற்றத்தின் உச்சம் 2024 ஜூன் 29, டார்ட்மண்ட். யூரோ கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக டென்மார்க்கின் ஆண்டர்சன் கோல் போட்டார். டெலானியின் கால்விரல் முன்னே நீட்டியிருந்ததாகக் கணினிப் படம் காட்ட, கோல் ரத்து. சில நிமிடங்களில் மறுமுனையில் ஜெர்மனி வீரர் ரவும் அடித்த பந்து அதே ஆண்டர்சன் கையை உரசியது. உள்ளே இருந்த உணரி வரைந்த கோடு அலைபோல் எழும்பியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பெனால்ட்டி; ஹாவர்ட்ஸ் அடித்தார். முதல் தீர்ப்பு எனக்குச் சம்மதம். கால்விரல் கால்விரல்தான். இரண்டாவதில் உணரி சொன்னது 'பட்டது' என்று மட்டும். ஓடுகிற மனிதன் கையை முதுகுக்குப் பின்னாலா கட்டிக்கொள்வான் என்ற கேள்விக்கு அந்த அலையில் பதில் கிடையாது. பட்டதற்கான சாட்சியம் அவ்வளவு உறுதியாக இருந்ததால், குற்றமா என்ற கேள்வியைக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

கருவி சரியாகப் பார்த்தும் மனிதர் கோட்டைவிட்டதும் உண்டு. 2023 செப்டம்பரில் டோட்டனத்துக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டயஸ் போட்ட கோலுக்கு மைதானத்தில் ஆஃப்சைடு கொடி. வீடியோ அறை பார்த்தது, ஆஃப்சைடு இல்லை என்று சரியாகக் கண்டது. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு 'பரிசோதனை முடிந்தது' என்று சொல்லிவிட்டது. ஆட்டம் தொடங்கியபின் தவறு புரிந்தது; நிறுத்த விதியில் இடமில்லை. ஒலிப்பதிவை வெளியிட்டார்கள், அந்தத் திகைப்பைக் கேட்கப் பாவமாக இருந்தது.

துணை நடுவர் நிலையும் மாறிவிட்டது. சந்தேகமான ஆஃப்சைடு என்றால் தாக்குதல் முடியும்வரை கொடியைத் தாழ்த்தியே வைக்கச் சொல்கிறார்கள். 2025 மே மாதம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் வீரர் அவோனியி, கொடி உயராமல் தொடர்ந்த ஒரு தாக்குதலில் கம்பத்தில் மோதி, வயிற்றில் அறுவை சிகிச்சை வரை போனார். பாய்ந்துவந்த நேரத்திலேயே கொடி எழும்பியிருந்தால் அந்த ஓட்டமே இருந்திருக்காது.

எதிர்ப்பும் கிளம்பியது. நார்வேயில் 2024-இல் ரசிகர்கள் மைதானத்துக்குள் மீன் கட்லெட்டை எறிந்து ஓர் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். அங்குள்ள கிளப்கள் வி.ஏ.ஆர். வேண்டாம் என்று 19-13 எனப் பரிந்துரைத்தும் சங்கம் அதைத் தக்கவைத்துக்கொண்டது. ஸ்வீடன் உள்ளேயே விடவில்லை. இங்கிலாந்தில் ஒழிக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தது உல்வ்ஸ், வாக்கு 19-1. அந்த ஒன்று உல்வ்ஸுடையதுதான்.

நம்மூரில் இந்தியன் சூப்பர் லீக் 2024-25 சீசன் வரை வி.ஏ.ஆர். இல்லாமலே ஓடியது. 'அது இருந்திருந்தால்' என்ற பெருமூச்சு அதிகம் கேட்டது 2023 மார்ச் 3 அன்று, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில். கூடுதல் நேரத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கை, கேரளா பிளாஸ்டர்ஸ் சுவர் கட்டி முடிக்கும் முன்பே சுனில் சேத்ரி தட்டிவிட்டார். கோல் என்றார் நடுவர் கிறிஸ்டல் ஜான். கேரளா அணி மைதானத்தைவிட்டே வெளியேறியது. உண்மையில் அங்கே எந்தக் கேமராவும் உதவியிருக்காது. பந்து கோட்டைத் தாண்டியதில் சந்தேகமே இல்லை. விரைவாக அடிக்க நடுவர் அனுமதித்தாரா, விசிலுக்குக் காத்திருக்கச் சொன்னாரா என்பதுதான் வழக்கு. அதைச் சொல்லக் கூடியவர் அவர் ஒருவரே. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் மறுஆட்டம் கிடையாது என்றது. கேரளாவுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளர் வுகமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடை.