பெட்டிக்குள் ஒரு கூகை

ஜொகூர் தோட்டப்புறத்தில் சொந்தங்கள் இருந்தால், இந்தப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கூகை ஆந்தையைக் காட்டுங்கள். "ஆந்தையா? அபசகுனமாச்சே!" என்பார் பாட்டி. மலாய்க்காரர்களும் ஆந்தையைப் ‘பூரோங் ஹந்து’, அதாவது பேய்ப் பறவை என்கிறார்கள். பாவம், அது தேடுவது செம்பனைப் பழத்தைத் தின்னும் எலியை!

1960களின் இறுதியில் ஜொகூர் செம்பனைத் தோட்டமொன்றில் இது கூடு கட்டியது பதிவானது. பின்னர் தோட்டங்களே கம்பம் நட்டுப் பெட்டி வைத்தன. மருந்து தின்ற எலியைப் பிடித்தால் கூகையும் சாகக்கூடும். பெட்டியும் வைத்து எலி மருந்தும் வைப்பது என்ன கணக்கோ!

அந்தி சாய்ந்ததும் பெட்டிக்குச் சற்றுத் தள்ளி, டார்ச் அடிக்காமல் நில்லுங்கள். வெள்ளை முகம் எட்டிப் பார்க்கும். பறக்கும்போது சிறகுச் சத்தமே கேட்காது. பகலில் பெட்டிக்கடியில் கரிய உருண்டைகள் கிடக்கும். எச்சமல்ல, செரிக்காமல் கக்கிய எலி முடியும் எலும்பும். கையுறை போட்டு, குச்சியால் பிரித்தால் மண்டையோடுகூடக் கிடைக்கும்.