வீடு வாங்கியாயிற்று, குடியேறப் பணம் எங்கே?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்பது முன்னோர் விட்டுச் சென்ற எச்சரிக்கை. கட்டுவதற்கு மனையே கிடைக்காத தலைநகர் தில்லியில் அதை "வீட்டை வாங்கிப் பார்" என்று மாற்றிக் கொள்ளலாம். பத்திரப் பதிவோடு செலவு முடிந்தது என்று பெருமூச்சு விடும் குடும்பங்கள், சாவி கைக்கு வந்த பிறகுதான் குளியலறைச் சுவரில் பூத்திருக்கும் ஈரத்தைக் கவனிக்கின்றன.

தில்லியில் நடுத்தரக் குடும்பங்களின் சக்திக்கு எட்டும் வீடுகளில் கணிசமானவை பழைய வீடுகள். 1957-ல் அமைக்கப்பட்ட தில்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) முனிர்கா, ஜனக்புரி, மயூர் விஹார், ரோஹிணி எனப் பல பகுதிகளில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் இன்று இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறிக் கொண்டிருக்கின்றன. 1979-ல் ஆணையத்தின் வீட்டுத் திட்டத்தில் பதிவு செய்தவர்கள் ஒதுக்கீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தது தலைநகரின் பழைய கதை. அவர்களுக்குப் பின் அந்த வீடுகளை வாங்குவோரில் பணிக்காலம் முழுவதும் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்து, ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்தாக வேண்டிய மத்திய அரசு ஊழியர்களும் உண்டு. அவர்களில் தமிழர்களும் அடக்கம்.

இத்தகைய வீடுகளில் துருப்பிடித்த இரும்புக் குழாய்களையும், அறைக்கு அறை குளிர்சாதனக் கருவி இல்லாத காலத்தில் போடப்பட்ட மின்கம்பிகளையும் மாற்றாமல் குடியேறுவது கடினம். ஆனால், அந்தச் செலவுக்கு வங்கியும் கைகொடுப்பதில்லை. வரிச் சட்டமும் கைகொடுப்பதில்லை.

வங்கி நிற்கும் இடம்

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி ரூ. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதமும், ரூ. 30 லட்சத்துக்கு மேல் ரூ. 75 லட்சம் வரையிலான கடனில் 80 சதவீதமும், அதற்கும் மேற்பட்ட கடனில் 75 சதவீதமும் வழங்கலாம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றை வீட்டின் மதிப்போடு சேர்க்கக் கூடாது என 2012-ல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. ரூ. 10 லட்சத்துக்கு மிகாத வீடுகளுக்கு மட்டும் 2015-ல் இதில் தளர்வு அளிக்கப்பட்டது. தில்லியில் அந்த விலைக்குக் குடும்பம் வாழத்தக்க வீடு கிடைப்பது அரிது.

ரூ. 60 லட்சம் விலையுள்ள வீட்டை எடுத்துக் கொள்வோம். வங்கி தரக்கூடியது ரூ. 48 லட்சம். எஞ்சிய ரூ. 12 லட்சமும், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், தரகர் கூலி ஆகியவையும் வாங்குபவரின் சேமிப்பிலிருந்து வர வேண்டும். விலையின் ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கேட்கும் வழக்கமும் முற்றிலும் ஒழியவில்லை. சட்டவிரோதமான அந்தத் தொகைக்கு எந்த வங்கியும் கடன் தராது. பிஎஃப் பணம், மனைவியின் நகை, ஊரில் இருந்த நிலம் என எல்லாம் கரைந்த பிறகு வீட்டைச் சீரமைக்கக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அப்போது தேடப்படுவது தனிநபர் கடன். அதன் வட்டி வீட்டுக் கடனைவிடக் கணிசமாக அதிகம். திருப்பிச் செலுத்தும் காலமோ குறைவு. வீட்டுக் கடன் தவணையோடு இதுவும் சேரும்போது மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும் நிலை உருவாகிறது. வீட்டுச் சீரமைப்புக்கென்று வங்கிகள் தனியே கடன் தருவதும், ஏற்கெனவே உள்ள வீட்டுக் கடனின் மேல் கூடுதல் கடன் தருவதும் பலருக்கு வீடு வாங்கும்போது தெரிவதில்லை.

30 ஆயிரத்தில் நின்ற வரம்பு

சொந்தக் குடியிருப்புக்காக வீடு வாங்கவோ கட்டவோ பெற்ற கடனின் வட்டிக்கான வருமான வரிக் கழிவு, யஷ்வந்த் சின்ஹா நிதியமைச்சராக இருந்த 2001-ல் ரூ. 1.5 லட்சமாகவும், அருண் ஜேட்லி தாக்கல் செய்த 2014 பட்ஜெட்டில் ரூ. 2 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் பெறும் கடனின் வட்டிக்கான வரம்பு மட்டும் அந்த இரண்டு முறையும் ரூ. 30 ஆயிரத்தைத் தாண்டவில்லை. 1961-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வருமான வரிச் சட்டத்திலும் இதே தொகைதான். இந்த ரூ. 30 ஆயிரமும் ரூ. 2 லட்சத்துக்குள் அடக்கம். தனிச் சலுகை அல்ல.

சீரமைப்புக்காக 9 சதவீத வட்டியில் ரூ. 5 லட்சம் கடன் வாங்கினால் முதலாண்டு வட்டியே ஏறத்தாழ ரூ. 45 ஆயிரம். மூன்றில் ஒரு பங்குக்கு வரிக் கழிவு இல்லை. அசலைத் திருப்பிச் செலுத்துவதற்கு 80-சி பிரிவு அளித்த சலுகையும், கட்டி முடித்துக் குடியேறிய வீட்டில் செய்யும் மாற்றம், புதுப்பிப்பு, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்குப் பொருந்தாது என்று சட்டமே விலக்கியிருக்கிறது. 2023-24 நிதியாண்டு முதல் இயல்பான தெரிவாக்கப்பட்ட புதிய வரி விகித முறையில், தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு எந்தக் கழிவும் கிடையாது.

அதே வீட்டை வாடகைக்கு விட்டால் நிலைமை வேறு. வாடகையில் 30 சதவீதம், செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் கழிக்கப்படும். சீரமைப்புக் கடனின் வட்டிக்கு ரூ. 30 ஆயிரம் என்ற தடையும் இல்லை. வாடகை வருமானத்துக்கு வரி உண்டு என்பதால் செலவைக் கழிப்பதில் நியாயம் இருக்கிறது என்பது உண்மையே. ஆயினும், முதலீட்டுக்காக வீடு வாங்கியவரின் பழுதுச் செலவைப் புரிந்துகொள்ளும் சட்டம், தலைக்கு மேல் கூரை தேடியவரின் செலவைப் புரிந்துகொள்ளவில்லையே என்ற கேள்வி எழாமல் இல்லை.

மத்திய அரசு தன் ஊழியர்களுக்காக 2017-ல் திருத்திய வீட்டு முன்பணத் திட்டத்திலும் இந்தப் பாகுபாட்டைக் காணலாம். புதிய வீட்டுக்கு ரூ. 25 லட்சம் வரை. இருக்கும் வீட்டை விரிவுபடுத்த ரூ. 10 லட்சம் வரை.

முதலில் எது?

வீடு பார்க்கப் போகும்போதே, முன்பணம் கொடுப்பதற்கு முன், அனுபவமுள்ள மேஸ்திரியையோ பொறியாளரையோ அழைத்துச் செல்வது முதல் சிக்கனம். அவர் சொல்லும் சீரமைப்புச் செலவைக் கையிருப்பிலிருந்து கழித்து, மீதியைக் கொண்டு எந்த விலை வீடு வாங்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். விலை பேசவும் அந்த மதிப்பீடு உதவும்.

நீர்க்கசிவு, கழிவுநீர்க் குழாய், மின்கம்பி ஆகிய மூன்றும் முன்னுரிமை பெற வேண்டியவை. சமையலறை அலமாரியும் சுவர் வண்ணமும் காத்திருக்கலாம். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள், புதிதாகப் பதித்த டைல்ஸை மறு ஆண்டே உடைக்க நேரிடும். அடுக்குமாடியில் மொட்டைமாடிக் கசிவும் பொதுக் குழாயும் ஒருவர் மட்டும் சரிசெய்யக் கூடியவையும் அல்ல. மேல்தளத்தில் வீடு வாங்குபவர், கீழ்த்தளத்தவர்கள் பங்கு தர மறுத்தால் முழுச் செலவும் தன் தலையில் விழும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழைய டிடிஏ வீடுகள் பலவற்றில் செங்கல் சுவர்களே கட்டடத்தின் எடையைத் தாங்குகின்றன. கூடத்தைப் பெரிதாக்க ஒரு சுவரை இடிப்பது மேலே உள்ள குடும்பங்களின் பாதுகாப்பிலும் கை வைப்பதாகும். நில நடுக்க அபாயம் மிகுந்த தில்லியில் அனுமதியின்றி அதைச் செய்வது சிக்கனமாகாது.

ஒப்பந்தக்காரரிடம் மொத்தத் தொகை பேசுவதைவிட, சதுர அடிக்கு இவ்வளவு, பொருளின் தரம் இது என்று எழுதி வாங்கி, வேலை முடிய முடியப் பணம் தருவதே நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய விலையில் போடப்பட்ட மதிப்பீட்டைச் சரிபார்ப்பது அவசியம். வரி மிச்சம் என்று ரசீது இல்லாமல் வாங்குவதும் நட்டம்தான். பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயத்திலிருந்து மேம்பாட்டுச் செலவைக் கழித்துக்கொள்ள அந்த ரசீதுகளே ஆதாரம். இடிபாடுகளை அகற்றும் கூலியை மதிப்பீட்டில் சேர்க்கப் பலரும் மறந்துவிடுகின்றனர். எல்லாம் போக, பத்தில் ஒரு பங்காவது எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்.

குளிர்காலத் தடை

தலைநகருக்கே உரிய இன்னொரு செலவும் உண்டு. காற்று மாசைக் கட்டுப்படுத்த 2017-ல் அறிவிக்கை செய்யப்பட்ட படிநிலைச் செயல் திட்டத்தின் மூன்றாம் கட்டம் அமலுக்கு வந்தால் இடிப்புப் பணி, செங்கல் வேலை, வண்ணம் பூசுதல் ஆகியவற்றுக்குத் தடை விதிக்கப்படுகிறது. பூச்சு வேலையிலும் டைல்ஸ் பதிப்பதிலும் வீட்டுக்குள் நடக்கும் சிறு பழுதுபார்ப்புகளுக்கு மட்டுமே விலக்கு. அக்டோபரில் வீட்டை உடைத்துப் போட்டவர், வாடகை வீட்டுக்கும் வங்கித் தவணைக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

அவரைவிட அதிகம் இழப்பவர், தினக்கூலிக்காகக் காலையில் நாற்சந்தியில் நிற்கும் கட்டுமானத் தொழிலாளி. தடைக் காலத்தில் தொழிலாளர் நலத் தீர்வை நிதியிலிருந்து பிழைப்பூதியம் வழங்குமாறு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலைநகர் மண்டல மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கே அது கிடைக்கும். வீட்டுச் சீரமைப்பு போன்ற சிறு வேலைகளில் ஈடுபடும் பலர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

"அனைவருக்கும் வீடு" என்ற முழக்கத்தோடு புதிய வீடுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. ஏற்கெனவே நிற்கும் வீடுகளைப் பாதுகாப்பாக வைத்திருப்பதும் வீட்டு வசதிக் கொள்கையின் கடமையே. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அசையாத ரூ. 30 ஆயிரம் வரம்பை உயர்த்துவது அதற்கான தொடக்கமாக இருக்கலாம். அதுவரை, வீட்டின் விலையோடு பழுதின் விலையையும் சேர்த்துக் கூட்டிய பிறகே முன்பணத்தை எண்ணிக் கொடுப்பது வாங்குபவருக்கு நல்லது.