தோல் செல்லில் இருந்து மூளைத் திசு

உயிரோடிருக்கும் குழந்தையின் மூளையை அறுத்துப் பார்த்து நோய்க்குக் காரணம் தேட முடியாது. பிறவியிலேயே தலை சிறுத்துப் போகும் மைக்ரோசெபலி நோயில் எலியும் கைகொடுக்கவில்லை. அதே மரபணுக் கோளாறை எலியில் உண்டாக்கினாலும் அதன் மூளை அந்த அளவுக்குச் சிறுக்கவில்லை.

2013-ல் இதற்கு ஒரு வழி கண்டவர்கள், ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஆய்வு செய்த மேடலின் லான்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும். மைக்ரோசெபலி நோயாளி ஒருவரின் தோல் செல்களை எடுத்து, ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா கண்டறிந்த முறையில் ஸ்டெம் செல்களாக மாற்றினார்கள். (இதற்குக் கருவை அழிக்க வேண்டியதில்லை என்பது நம்மில் பலருக்கு நிம்மதியான செய்தி.) அவற்றை ஜெல் துளிக்குள் வைத்து, சத்துத் திரவத்தில் சுழலவிட்டு வளர்த்தார்கள். ஆரோக்கியமானவரின் செல்கள் இந்த முறையில் தாமாகவே அடுக்கடுக்காக அமைந்து, சுமார் 4 மில்லிமீட்டர் அளவுள்ள மூளைத் திசுவாக வளர்ந்தன. நோயாளியின் திசுவோ சிறுத்தே இருந்தது.

காரணமும் கண்ணெதிரே தெரிந்தது. இன்னும் பல மடங்கு பெருக வேண்டிய செல்கள் அவசரப்பட்டு நரம்பு செல்களாக மாறிவிடுகின்றன. விதைநெல்லைச் சமைத்துவிட்டால் வயல் எப்படி நிறையும்?

2016-ல் ஸீகா வைரஸ் பிரேசிலில் கர்ப்பிணிகளைக் கதிகலங்க வைத்தபோதும், அது இந்தப் பெருகும் செல்களையே தாக்குகிறது என்று காட்டியவை இத்தகைய திசுக்கள்தான்.

'மினி மூளை' என்று பத்திரிகைகள் எழுதுவது மிகை. இதில் ரத்தக் குழாய்கள் இல்லை. ஓரளவு வளர்ந்ததும் உயிர்க்காற்று எட்டாமல் உட்பகுதி செத்துவிடுகிறது. பாதிக்கப்பட்ட குழந்தைக்கு இது சிகிச்சையும் அல்ல.