கன்ட்ரோல்-சி அழுத்தியும் நிற்காத கருவி

லினக்ஸ் கணினிக்குள் நடப்பதை வேவு பார்க்கும் கருவி பெர்ஃப். 2009-இல் லினக்ஸ் 2.6.31 பதிப்போடு வந்தது. எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் திறக்கிறது, புராசஸரின் நேரத்தைத் தின்பது யார் என்பதையெல்லாம் பதிந்து தரும். ஓடவிடுவது எளிது, ஒழுங்காக நிறுத்துவதுதான் பாடு.

கன்ட்ரோல்-சி அழுத்தியதும் புரோகிராமுக்கு 2-ஆம் எண் சிக்னல் போகிறது. அது நேரங்காலம் பார்த்து வராது. நினைவகம் ஒதுக்கும் வேலை பாதியில் நிற்கும்போதும் வந்து விழும். அதனால் சிக்னலை வாங்கும் ஹேண்ட்லருக்குள் நினைவகம் ஒதுக்கும் மால்லாக், அச்சிடும் பிரின்ட்எஃப் போன்றவற்றை அழைப்பது ஆபத்து: புரோகிராம் தானே பூட்டிய பூட்டு திறக்கட்டும் என்று தானே காத்து நின்றுவிடும். பெர்ஃபின் ஹேண்ட்லர் 'டன்' என்ற மாறியில் 1 என்று குறித்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. மற்றதை மெயின் லூப் பார்த்துக்கொள்ளும்.

பார்க்குமா? லூப்பின் வேலை, லினக்ஸின் மையமான கெர்னல் ரிங் பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பில் போடும் நிகழ்வுகளை அள்ளிக் கோப்பில் எழுதுவது. அள்ள எதுவும் கிடைக்காத சுற்றில்தான் 'டன்' ஆகிவிட்டதா என்று பார்த்து வெளியேறும். வந்த தரவைத் தவறவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பளு மிகுந்த சர்வரில் ஒருமுறை அள்ளி முடிப்பதற்குள் பஃபர் மறுபடி நிரம்பிவிடுகிறது. வெறும் சுற்று வரவே வராது.

மதகைத் திறந்து வைத்துக்கொண்டு வாய்க்காலை இறைத்தால் தீருமா? எனவே முழுக் கணினியையும் கவனிக்கும்போது, 'டன்' என்றதும் பெர்ஃப் முதலில் நிகழ்வுப் பதிவை நிறுத்தும்படி கெர்னலிடம் சொல்கிறது. பிறகு தேங்கியதை வடிக்கிறது. கடைசியில் பெர்ஃப்.டேட்டா கோப்பின் முகப்பில் தரவின் அளவை எழுதி மூடுகிறது. இந்த வரிசைதான் முக்கியம் என்பேன்.

பெர்ஃபின் இன்னொரு கட்டளையான பெர்ஃப் டிரேஸ், புரோகிராம்கள் கெர்னலிடம் விடும் கோரிக்கைகளான சிஸ்டம் கால்களைப் பதிகிறது. அதற்கு இன்னொரு தொல்லை. அது திரையில் ஒரு வரி எழுதுவதே ஒரு சிஸ்டம் கால். அதையும் பதிந்தால் அடுத்த வரி, அதற்கு இன்னொன்று. ஆகவே தன்னையும், எஸ்எஸ்ஹெச் வழியே ஓடினால் அந்த வரிகளைக் கடத்தும் எஸ்எஸ்ஹெச் சர்வரையும் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறது.

நிற்கத் தாமதமானால் பொறுமையிழந்து கில் -9 அடிக்காதீர்கள். 9-ஆம் சிக்னலை எந்தப் புரோகிராமாலும் பிடிக்க முடியாது. கோப்பின் முகப்பில் அளவு 0 என்றே நின்றுவிடும். 2 அல்லது 15-ஆம் சிக்னலை அனுப்பிவிட்டுச் சற்றுக் காத்திருங்கள்.