சக்கரத்தின் பிடி

சீனன்குடா விமானத்தளத்தில் விமானம் வந்திறங்குவதைத் திருகோணமலை வாசிகள் பலர் கண்டிருப்பர். சக்கரங்கள் தரையைத் தொட்டதும் சிறு புகை எழுந்து மறையும். ஆகாயத்திற் சுழலாதிருந்த சக்கரம், விமானத்தின் வேகத்தை எட்டும்வரை தரையிற் சறுக்கித் தேய்கின்றது. அத்தேய்வின் வெப்பமே புகைக்குக் காரணமாகும்.

மோட்டார்ப் பந்தயக்காரர் இதனை வேண்டுமென்றே செய்வதுண்டு. கால் மைல், அதாவது சுமார் 402 மீற்றர் தூரத்தை நேர்கோட்டில் ஓடிக் கடக்கும் பந்தயத்திலே, புறப்படுமுன் பின்சக்கரங்களை நீரில் நனைத்து, முன்சக்கரங்களைத் தடுப்பால் இறுக்கிக்கொண்டு, பின்னவற்றை மட்டும் கடுவேகமாகச் சுழற்றுவர். வெண்புகை மண்டும். இது வெறும் வேடிக்கையன்று. சூடேறிய இறப்பர் இளகிப் பசைத்தன்மை பெறுகின்றது. ஒட்டியிருந்த மணலும் தூசியும் அகலுகின்றன. தரையிலும் இறப்பர்ப் படலமொன்று படிகின்றது. அதன்மேல் நிற்கும் சக்கரத்தின் பிடி வலுக்கின்றது.

உராய்வு தொடுபரப்பின் அளவிலே தங்கியிருப்பதில்லை என்று மாணவர் கற்பர். உலோகத்துக்கும் மரத்துக்கும் அது ஏறத்தாழப் பொருந்தும். இறப்பரோ நெகிழ்ந்து, தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களுட் புகுந்து பற்றிக்கொள்ளும். ஆதலின் அப்பந்தயக் கார்களின் பின்ரயர்கள் அகன்று, வரிப்பள்ளமின்றி வழுவழுப்பாக இருக்கின்றன. எனினும் புறப்பட்ட பின்னர் சக்கரம் கட்டுக்கடங்காது சுழலுமாயின் பந்தயம் கைநழுவும். மிகையாகச் சறுக்கும் சக்கரத்துக்குப் பிடி குறைவு.

வேகப் போட்டிகளுக்கு நீண்ட நேர்ப்பாதை வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளங்கள் அதற்கு நன்கு வாய்த்தன. களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தையும், சென்னைக்கு அண்மையிலுள்ள சோழவரமும் அவ்வாறு புகழ் பெற்றவை. இறப்பரோ நமக்குப் புதியதன்று. அமேசன் காட்டு வித்துக்களிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைப்பித்த கன்றுகள், 1876 இல் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன.

வரிப்பள்ளமற்ற ரயர் பந்தயத்துக்கு உகந்ததாயின் வீதிக்கும் உகந்ததன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. பந்தயம் உலர்ந்த தரையில் நிகழ்வது. நமது வீதிகளிலோ மாரி மழை தேங்கி நிற்கும். வரிப்பள்ளங்களே அந்நீரை ஒதுக்கிச் சக்கரத்துக்குத் தரையைக் காட்டுகின்றன. அவை தேய்ந்துவிடின் வேகமாகச் செல்லும் வண்டி நீரின்மேல் மிதந்துவிடும். தடுப்பை அழுத்தினும் நில்லாது, திருப்பினும் திரும்பாது.

ஒரு காரைத் தரையுடன் இணைப்பவை ஏறக்குறைய உள்ளங்கையளவான நான்கு இடங்களே. இளைஞர் சிலர் பொது வீதியில் ரயரைச் சுழற்றிப் புகையெழுப்பி மகிழ்கின்றனர். அங்கே புகையாய்ப் போவது, மழை நாளில் அவர்தம் உயிரையும் வழிப்போக்கர் உயிரையும் காக்கவேண்டிய இறப்பரேயாகும்.